உத்திரம் மூன்றாம் பாதம்

லிங்கராஜபுரம், பெங்களூரு
2 ஆகஸ்ட் 2025

மதிப்பிற்குரிய சம்பந்தி ரங்கநாதன் அவர்களுக்கு,

சீனிவாசராகவன் எழுதுவது. தாயும் சேயும் நலம். இதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று உறை வாங்கும்போதே தீர்மானித்தேன். என் கடிதங்களில் முக்கியமான விஷயம் கடைசிப் பக்கத்தில்தான் வரும் என்று சீதாலட்சுமி குறை சொல்வாள்.

தொலைபேசியில் உங்களுக்குக் காது கேட்பது சிரமம் என்பதால் கடிதம். கைப்பேசியில் செய்தி அனுப்பலாமே என்கிறான் உங்கள் மாப்பிள்ளை அச்யுத். ஒருவருக்கு எழுதிய இரங்கலை ஒரு கல்யாண வீட்டுக் குழுவுக்கு அனுப்பிவிட்டதிலிருந்து எனக்கு அந்தத் துணிச்சல் போய்விட்டது.

தலைப்பிரசவம் உங்கள் வீட்டில் நடந்திருக்க வேண்டும். சஹானாவின் அம்மா இல்லாத வீட்டில், நீங்களும் முட்டி அறுவை செய்துகொண்டு படுத்திருக்கும்போது, அவளை அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. அதில் உங்களுக்கு மனத்தாங்கல் இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். இருந்தால் எழுதவும். இல்லாவிட்டாலும் எழுதவும், தெரிந்துகொண்டால் நிம்மதி.

இப்போது விஷயம். நம் பேத்தி 29ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலை பிறந்தாள். எங்கள் தெருவிலேயே குடியிருக்கும் நர்ஸ் ஜோசஃபின்தான் அன்று பிரசவ அறையில் இருந்தாள். அவள் கதவைத் திறந்து, “பொண்ணு அங்கிள்!” என்று சொன்னதுமே கைக்கடிகாரத்தைப் பார்த்து, நோட்டில் 6.38 என்று குறித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் சீட்டில் 6.30 என்று முழுசாகப் போட்டிருக்கிறார்கள். அதை நான் பொருட்படுத்தவில்லை. முப்பத்து நான்கு வருஷம் நில அளவைத் துறையில் இருந்தவனுக்கு முழு எண்ணைக் கண்டாலே நம்பிக்கை குறையும்.

நட்சத்திரம் உத்திரம். ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் நான்கு பாதம், ஒவ்வொரு பாதத்துக்கும் ஓர் எழுத்து என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பஞ்சாங்கத்தை வைத்து நானே கணித்தேன். அன்று மூன்றாம் பாதம் தொடங்கியது காலை 6.31க்கு. குழந்தை ஏழு நிமிடம் உள்ளே வந்து பிறந்திருக்கிறாள். ஆகவே எழுத்து ‘பா’.

‘பா’வில் தொடங்கும் நாற்பத்தொரு பெண் பெயர்களை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். எனக்குத் தோன்றிய ஆட்சேபங்களைப் பக்கத்தில் குறித்திருக்கிறேன். (பாமா: கோபக்காரி. பானுமதி: என் மேலதிகாரியின் பெயர், அவரும் கோபக்காரி. பாவை: நல்ல தமிழ், ஆனால் இங்குள்ள பள்ளிக்கூடத்தில் என்ன பாடு படுமோ.) எஞ்சியவை ஒன்பது. பட்டியலைப் பார்த்துவிட்டுச் சீதா, “ஏன்னா, பேர் வெக்கறேளா, வோட்டர் லிஸ்ட் தயார் பண்றேளா?” என்றாள்.

பதினோராம் நாள் சடங்கைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு, பெயர் வைப்பதை ஆகஸ்ட் 31, ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளியிருக்கிறோம். அதற்குள் நீங்கள் பயணம் செய்யலாம் என்று டாக்டர் சொன்னதாகச் சஹானா சொன்னாள். நீங்கள் இல்லாமல் பெயர் வைக்க அவள் ஒப்பவில்லை. ஒன்பதில் எது உங்களுக்குப் பிடித்தது என்று எழுதவும். வேறு பெயர் தோன்றினாலும் எழுதவும்.

தங்கள்,
சீனிவாசராகவன்


கொல்லம்பாளையம், ஈரோடு
6 ஆகஸ்ட் 2025

சம்பந்தி அவர்களுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. பேத்தி படத்தைச் சஹானா அனுப்பினாள். மூக்கு எங்கள் வீட்டு மூக்கு. மற்றதெல்லாம் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

பிரசவம் அங்கே நடந்ததில் எனக்கு வருத்தமில்லை. ஒரு நர்ஸ் தெருவிலேயே இருக்கிறார், சம்பந்தியம்மா இருக்கிறார். இங்கே நானும் ஒரு வாக்கரும்தான்.

உங்கள் பட்டியலை இரண்டு தடவை படித்தேன். கண்ணாடி போட்டு ஒரு தடவை, கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஒரு தடவை. நாற்பத்தொரு பெயர். பார்கவி இருக்கிறது. பாவனா இருக்கிறது. பாலாம்பிகை இருக்கிறது, அது யார் என்று எனக்குத் தெரியவில்லை. உங்கள் மேலதிகாரிகூட இருக்கிறார்.

என் சம்சாரத்தின் பெயர் இல்லை.

எங்கள் வீட்டில் முப்பத்தாறு வருஷம் ஒரு பாகீரதி இருந்தாள் சம்பந்தி. உங்கள் மகனுக்குப் பெண் கொடுத்தவள். நிச்சயதார்த்தத்தன்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து இரண்டு டம்ளர் காபி குடித்தவள். அவள் போய் மூன்று வருஷம்தான் ஆகிறது. அதற்குள் நாற்பத்தொன்றிலும் ஓர் இடம் கிடைக்கவில்லை.

முதல் பேத்திக்கு அப்பா வழிப் பெயர்தான் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் உரிமை கேட்டு எழுதவில்லை. பெயரை வையுங்கள் என்று சொல்லவில்லை. ஆட்சேபத்தோடாவது எழுதியிருக்கலாம்.

நேரம் 6.38 என்றே இருக்கட்டும். அதை மாற்ற வேண்டாம்.

ஒன்பதில் எது வேண்டுமானாலும் வையுங்கள்.

ரங்கநாதன்


லிங்கராஜபுரம்
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபின் இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை. இதை அனுதாபம் தேடி எழுதவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுவது என் பழக்கம்.

இத்துடன் ஒரு கசங்கிய தாள் வைத்திருக்கிறேன். அது பட்டியலின் முதல் வரைவு. அதில் முதல் பெயர் எது என்று பாருங்கள். எழுதியதும் நான்தான், அடித்ததும் நான்தான். மறுபடி எழுதி மறுபடி அடித்ததும் தெரியும். தாள் அந்த இடத்தில் கிழிந்திருக்கிறது.

ஏன் அடித்தேன் என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பெயரைக் குழந்தைக்கு வைத்து, தினமும் அதை உங்கள் காதில் விழச் செய்வது உங்களுக்கு ஆறுதலா, வேதனையா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைக் கேட்கலாம் என்றால், கேட்பதே வேதனையாகிவிடுமோ என்று தோன்றியது. சந்தேகம் வந்தால் விட்டுவிடுவது என் சுபாவம். சந்தேகம் வந்தால்தான் கேட்க வேண்டும் என்பது இந்த வயதில் புரிகிறது. நீங்கள் மன்னிக்க வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. அதை ஒளிக்கக்கூடாது. முதல் பேத்திக்கு அப்பா வழிப் பாட்டியின் பெயர் என்பது எங்கள் குடும்பத்தில் உள்ள வழக்கம். சீதா வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எதிர்பார்ப்பாளோ என்று நினைத்தேன். நேற்று காலை, அவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன்.

“என் பேரா?” என்று சிரித்தாள். “சீதாலட்சுமின்னு பாங்க்ல எழுதினா கட்டத்துக்குள்ள அடங்கறதில்லை. அந்தக் கஷ்டம் என்னோட போகட்டும். சஹானா அம்மா பேர் ‘பா’தானேன்னு எனக்கு அன்னிக்கே தோணித்து. நீங்க பட்டியல் போட்டுண்டிருந்தேள், ஆபீஸ் வேலை மாதிரி. நடுவுல பேசினா கோவிச்சுப்பேளேன்னு சும்மா இருந்தேன்.”

நான் யாரையும் கோபித்ததாக எனக்கு நினைவில்லை. ஆனால் அவள் நினைவு என் நினைவைவிடத் துல்லியமானது.

சஹானாவிடம் சீதாதான் சொன்னாள். சஹானா குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, “பாகீ…” என்று ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அழுதாள். அச்யுத், “கொஞ்சம் பழைய பேர்தான். ஆனா இவளுக்கு நல்லா இருக்குப்பா” என்றான். அவன் அவ்வளவு சொல்வதே அதிகம்.

வடமொழியில் இது வேறு ‘ப’ என்று யாராவது சொல்லக்கூடும். தமிழில் எழுதும் நமக்கு ஒரே பா. அது எனக்குப் போதும்.

ஆகவே, உங்களுக்குச் சம்மதமானால், பெயர் பாகீரதி. எழுத்தும் பொருந்துகிறது. தானாக அமைந்த எழுத்து. யாரும் வலிந்து செய்ததல்ல. அதனால்தான் எனக்கு இத்தனை சந்தோஷம் என்று நினைக்கிறேன்.

தங்கள்,
சீனிவாசராகவன்


கொல்லம்பாளையம்
14 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

சம்மதமா என்று கேட்கிறீர்கள். கசங்கிய தாளை நீவிப் பஞ்சாங்கத்துக்குள் வைத்திருக்கிறேன். போன கடிதத்தில் நான் எழுதியதை நீங்களும் அடித்துவிடுங்கள், கிழிந்தாலும் பரவாயில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். யாரிடமும் சொன்னதில்லை. கடிதமாக இருப்பதால் சொல்கிறேன். நேரில் வாய் வராது.

முப்பத்தாறு வருஷத்தில் நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. “இந்தா”, “ஏ புள்ள”, “எங்க போயிட்டே”, இவ்வளவுதான். சஹானா பிறந்த பிறகு “சஹானாம்மா”. அவளும் என்னை “ஏனுங்க” என்பாள். எங்கள் பக்கம் அப்படித்தான். ரயில் இன்ஜின் ஓட்டிய காலத்தில், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் லைனில் என் வண்டி வரும்போது ஹாரனை இரண்டு தடவை அழுத்துவேன். சட்டப்படி ஒரு தடவைதான். இரண்டாவது அவளுக்கு. அதைக் கேட்டு உலை வைப்பாள். நான் டியூட்டி முடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் சோறு சூடாக இருக்கும். அந்த ஹாரன்தான் நான் அவளைக் கூப்பிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசி நாள் நர்ஸ் வந்து, “பேஷண்ட் பேரு என்ன?” என்று கேட்டாள். “பாகீரதி” என்றேன். அவள் கண் திறந்து என்னைப் பார்த்தாள். ஏதோ புதுசாகக் கேட்டமாதிரி. அப்புறம் சிரித்தாள். அதுதான் நான் அவள் எதிரில் அந்தப் பேரைச் சொன்ன முதல் தடவை.

இனிமேல் பேத்தியைக் கூப்பிடலாம். பேத்தியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள் அல்லவா? வாக்கரைப் பிடித்து நடக்கும்போது சொல்லிப் பழகுகிறேன். எதிர்வீட்டுக்காரர் தியோடர் நேற்று எட்டிப் பார்த்து, “யார் வந்திருக்காங்க?” என்று கேட்டார்.

30ஆம் தேதி சனிக்கிழமை மாலை வருவேன். கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் அச்யுத்தை நிற்கச் சொல்லுங்கள். சம்பந்தியம்மாவுக்கு என் நமஸ்காரம். அவர் பெயர் பாங்க் கட்டத்துக்குள் அடங்காது, சரிதான். மனசும் அப்படித்தான் என்று சொல்லுங்கள்.

ரங்கநாதன்


லிங்கராஜபுரம்
19 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

இது நான் எழுதும் ஐந்தாவது பிரதி. முதல் நான்கில் மழையைப் பற்றியும் உங்கள் முட்டியைப் பற்றியும் விசாரித்துவிட்டு முடித்துவிட்டேன். இதில் விஷயத்தை முதலில் எழுதிவிடுகிறேன்.

எழுத்து ‘பா’ அல்ல. நான் தவறு செய்துவிட்டேன்.

பதினாறாம் தேதி அச்யுத் குழந்தையின் படங்களை அச்சடித்துக் கொண்டுவந்தான். முதல் படத்தில் குழந்தை துணியில் சுற்றியபடி சஹானா பக்கத்தில் கிடக்கிறாள். குளிப்பாட்டித் துடைத்துப் பொட்டு வைக்காத குறைதான். படத்தின் மூலையில் நேரம் அச்சாகியிருக்கிறது: 6.35. பிறப்பதற்கு மூன்று நிமிடம் முன்பே குழந்தையைப் படம் எடுக்க முடியாது.

என் கைக்கடிகாரத்தைப் பற்றி உங்களிடம் சொன்னதில்லை. 1981ல் ஒரு நாள் அலுவலகத்துக்கு நான்கு நிமிடம் தாமதமாகப் போனேன். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே சிவப்பு மையால் ஒரு கோடு போட்டார்கள். அன்று மாலையே கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னால் தள்ளி வைத்தேன். பிறகு சுவர்க் கடிகாரத்தையும் தள்ளினேன். நாற்பத்து நான்கு வருஷமாக எங்கள் வீட்டில் எல்லாமே பத்து நிமிடம் முன்னால்தான். பார்க்கும்போதே பத்தைக் கழித்துக்கொள்வது எனக்கு மூச்சு விடுவதுபோல. சீதாவும் அச்யுத்தும்கூட அப்படித்தான்.

அன்று கழித்தேனா? அதுதான் கேள்வி. மூன்று நாள் யோசித்தேன். ஜோசஃபின் கதவைத் திறந்தது நினைவிருக்கிறது. பேனா மூடி கீழே விழுந்தது நினைவிருக்கிறது. கழித்தது நினைவில்லை.

நேற்று ஜோசஃபின் வேலை முடிந்து வரும்வரை தெருமுனையில் காத்திருந்து கேட்டேன்.

“அங்கிள், அந்த நேரத்துல கடியாரத்த பாக்கறதா, கொழந்தைய பாக்கறதா? சர்ச்ல ஆறரை பூசைக்கு மணி அடிச்சாங்க. அப்போ நான் பாப்பாவ தொடச்சிட்டிருந்தேன். அதான் ஆறரைன்னு எழுதினேன். அதுக்கு ரெண்டு மூணு நிமிஷம் முன்னாடி பொறந்திருக்கும். ஏன் அங்கிள், ஏதாச்சும் ப்ராப்ளமா?”

“ஒன்றுமில்லை அம்மா” என்றேன். வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை.

ஆக, நேரம் 6.28. மூன்றாம் பாதம் 6.31க்கு. குழந்தை எல்லைக்கு மூன்று நிமிடம் இந்தப் பக்கத்தில் பிறந்திருக்கிறாள். உத்திரம் இரண்டாம் பாதம். அதன் எழுத்து ‘டோ’.

‘டோ’வில் பெயர் தேடினேன். பழைய பழக்கம். பட்டியலில் ஒன்றும் இல்லை.

வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் எழுத்து தானாக அமைந்தது என்று உங்களுக்கு எழுதியவன் நான். நீங்கள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொல்லிப் பழகுவதாக எழுதியிருந்தீர்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு இதை மறைக்க என்னால் முடியவில்லை. அந்த வரியை வைத்துக்கொண்டு இதைச் சொல்லவும் முடியவில்லை. அதனால்தான் ஐந்து பிரதிகள்.

உங்களுக்கு முழு எண்ணை நம்ப வேண்டாம் என்று எழுதினேன். முழு எண்தான் உண்மைக்கு அருகில் இருந்தது.

என்ன செய்யலாம் என்று நீங்களே சொல்ல வேண்டும்.

சீனிவாசராகவன்


கொல்லம்பாளையம்
23 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். தண்ணீர் பக்கத்தில் இருக்கட்டும்.

எனக்குத் தெரியும்.

நிச்சயதார்த்தத்தன்று உங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் பார்த்தது உங்கள் முகத்தை அல்ல, சுவர்க் கடிகாரத்தைத்தான். ரயில்வேக்காரன் புத்தி. ஆனால் கண்டுபிடித்தவள் பாகீரதி. சாயங்காலம் “வண்டிக்கு நேரமாச்சு, நேரமாச்சு” என்று எங்களைக் கிளப்பிவிட்டீர்கள். ஸ்டேஷனில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அவள் சொன்னாள்: “ஏனுங்க, இவிய வூட்டுக் கடியாரம் பத்து நிமிசம் முன்னால ஓடுதுங்க. அது ஆளைத் தொரத்துது.” அன்று முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சீமந்தத்துக்கு வந்தபோதும் பார்த்தேன். அதே பத்து நிமிஷம். ஒரு செகண்ட் கூடவில்லை, குறையவில்லை. உங்களைப்போல ஒரு கார்டு என் வண்டியில் இருந்திருந்தால் நான் இன்னும் சீக்கிரம் பதவி உயர்வு வாங்கியிருப்பேன்.

உங்கள் முதல் கடிதத்தில் 6.38 என்று பார்த்ததும் பத்தைக் கழித்தேன். எங்கள் ஜோசியரை வீட்டுக்கு வரச்சொல்லி 6.28 என்று கொடுத்தேன். “டோ”ன்னார். “டோவுல என்னங்க பேரு இருக்குது?” என்றேன். யோசித்துக்கொண்டே இருந்தார். “டோல்கேட்டுன்னு வெச்சிரலாமுங்களா?” என்றேன். கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் உங்கள் பட்டியலை எடுத்தேன். எல்லாம் ‘பா’. நீங்கள் கழிக்காமல் விட்டுவிட்டீர்கள் என்று புரிந்தது. ஒரு வரி எழுதியிருந்தால் அன்றே சரியாகியிருக்கும். எழுதவில்லை. 6.38 என்றே இருக்கட்டும் என்று எழுதினேன். போன கடிதங்களை நீங்கள் வைத்திருப்பீர்கள், எடுத்துப் பாருங்கள்.

ஏன் என்று கேட்டால், எனக்குக் கேட்க வாய் வரவில்லை சம்பந்தி. பெண்ணைக் கொடுத்தவன். முதல் பேத்தி. அப்பா வழிப் பாட்டி நல்லபடியாக இருக்கிறார். நான் எப்படி என் சம்சாரத்தின் பெயரை வையுங்கள் என்று கேட்பது? ஆனால் எழுத்து கேட்டால் கேட்கலாம். அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டேன். அவள் கண்டுபிடித்த பத்து நிமிஷம், அவளுக்கே உதவட்டும் என்று இருந்துவிட்டேன்.

நீங்கள் ஐந்து பிரதி எழுதி உண்மையைச் சொன்னீர்கள். நான் ஒரே பிரதியில் பொய் சொன்னேன். உங்களைக் கோபக்காரன் மாதிரி திட்டவும் செய்தேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று சஹானாவிடம் சொல்லிவிட்டேன். போனில் எனக்குக் கேட்காது என்பதால் கொட்டை எழுத்தில் எழுதி அனுப்பினாள்: “அப்பா, அம்மா பேர வெக்கறதுக்கு கடியாரத்துகிட்ட எதுக்குப்பா பர்மிஷன்? ரெண்டு தாத்தாவும் வாயத் தொறந்து பேசியிருந்தா முடிஞ்சிருக்கும்.” அவள் சொல்வதும் சரிதான். ஆனால் எழுத்தில் உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறது. அது விளையாட்டல்ல. குழந்தை உங்கள் வீட்டுக் குழந்தை.

என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டீர்கள். பொய் சொன்னவன் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நீங்கள் சொல்லுங்கள். வேறு பெயர் என்றால் வேறு பெயர். எனக்கு வருத்தமில்லை என்று மட்டும் எழுத மாட்டேன். ஒரு கடிதத்தில் சொன்ன பொய் போதும்.

எப்படியானாலும் 30ஆம் தேதி வருவேன்.

ரங்கநாதன்


லிங்கராஜபுரம்
26 ஆகஸ்ட் 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. கால் மணி நேரம் இருந்தது. பிறகு டோல்கேட் நினைவுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். சீதா வந்து என்ன என்று கேட்டாள். உங்கள் கடிதத்தையும் என் கடிதத்தின் பிரதியையும் கொடுத்தேன். படித்துவிட்டு, “ரெண்டு பேருமாச் சேர்ந்து கொழந்தைக்கு டைம் டேபிள் போட்டேளாக்கும்? சும்மா ஒரு மாசம் வீணாப் போச்சு” என்றாள். வீணாகவில்லை என்று நான் நினைக்கிறேன். அவளிடம் சொல்லவில்லை.

குழந்தையின் ஜாதகத்தைத் திருத்தி எழுதிவிட்டேன். பிறந்த நேரம் 6.28. உத்திரம் இரண்டாம் பாதம். அதில் தவறு இருக்கக்கூடாது. அவள் வாழ்நாள் முழுவதும் கூட வரும் தாள்.

பெயர் பாகீரதி.

ஏன் இந்த முடிவு என்று காரணங்களை எழுதத் தாள் எடுத்தேன். சாதகம் ஒரு பக்கம், பாதகம் ஒரு பக்கம் என்று நடுவில் கோடும் போட்டேன். பிறகு அந்தத் தாளில் சஹானா மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டாள். காரணம் எழுதாமல் நான் எடுக்கும் முதல் முடிவு இது. பெயருக்கும் பாதத்துக்கும் பொருந்தவில்லையே என்று யாராவது கேட்டால் என்னிடம் அனுப்பவும். நான் பதில் சொல்வேன். என்ன சொல்வேன் என்று இப்போது தெரியவில்லை.

ஒரே ஒரு கவலை. தாத்தாதான் குழந்தையின் காதில் பெயரை மூன்று தடவை சொல்ல வேண்டும் என்கிறார் சாஸ்திரிகள். என் குரல் எடுபடாது. வகுப்பில் “உள்ளேன் ஐயா” சொல்லியும் ஆப்சென்ட் வாங்கியவன் நான். நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டால், அப்பா வழித் தாத்தா என்கிறார் அவர். பழகிக்கொண்டிருக்கிறேன்.

சனிக்கிழமை கண்டோன்மென்டில் அச்யுத் நிற்பான். நானும் வருவேன். முன்னதாகவே வந்துவிடுவோம் என்று தனியாக எழுத வேண்டியதில்லை.

தங்கள்,
சீனிவாசராகவன்


லிங்கராஜபுரம்
3 செப்டம்பர் 2025

அன்புள்ள சம்பந்திக்கு,

நேற்று நீங்கள் சௌகரியமாகப் போய்ச் சேர்ந்ததாகச் சஹானா சொன்னாள். வீடு கொஞ்சம் பெரிதாகிவிட்டமாதிரி இருக்கிறது. பாகீரதி இன்று காலை மூன்று மணி நேரம் தொடர்ந்து தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பெயரைக் காதில் மெதுவாகச் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். ஒரு வாரம் கண்ணாடி முன் நின்று பழகினேன். ஆனால் குழந்தையிடம் குனிந்தபோது, எதிரில் நீங்கள் வெற்றிலைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள். என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. என் குரல் அவ்வளவு இருக்கும் என்று எனக்கே தெரியாது. குழந்தை வீரிட்டாள். சாஸ்திரிகள் பஞ்சபாத்திரத்தைத் தட்டிவிட்டார். மாடியில் இருக்கும் ஓஸ்வால்ட் என்ன ஆச்சு என்று பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தார். “காதுல சொல்லச் சொன்னா தெருவுக்கே சொல்றேளே!” என்று சீதா இன்னமும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். முதல் தடவைதான் தவறிவிட்டது என்று வைத்துக்கொண்டாலும், மற்ற இரண்டு தடவையும் ஏன் அப்படியே சொன்னேன் என்பதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.

கடிகாரங்களைச் சரியான நேரத்துக்குத் திருப்பிவிடலாமா என்று அவளைக் கேட்டேன். “வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுக்கு நாம கடன்பட்டிருக்கோம்” என்றாள்.

இன்னொரு விஷயம். இத்துடன் பஞ்சு சுற்றி ஒரு சிறு டப்பா அனுப்பியிருக்கிறேன். உங்கள் காது கேட்கும் கருவி. ஃபிரிட்ஜின் மேல், தேங்காய்க்குப் பின்னால் இருந்தது. சனிக்கிழமை வந்ததும் முகம் கழுவப் போகும்போது நீங்கள் கழற்றி வைத்ததைச் சீதா பார்த்திருக்கிறாள். பிறகு யாரும் எடுக்கவில்லையாம்.

அப்படியானால் மூன்று நாளும் அது உங்கள் காதில் இல்லை. நில அளவையில் என் முதல் வேலை பற்றி நான் ஒரு மணி நேரம் சொன்னதற்கெல்லாம் நீங்கள் தலையாட்டிக்கொண்டிருந்தது எப்படி என்று யோசிக்கிறேன். அது போகட்டும். ஞாயிற்றுக்கிழமை சாஸ்திரிகள் சொன்னது, சஹானா அம்மாவைப் பற்றிப் பேசியது, எல்லாரும் கைதட்டியது எதுவும் உங்களுக்குக் கேட்டிருக்காதே என்று நினைத்தபோது எனக்கு மிகவும் சங்கடமாகப் போய்விட்டது. நீங்கள் எதற்காக வந்தீர்களோ அதுவும் கேட்கவில்லையோ என்று நேற்றிலிருந்து மனம் அடித்துக்கொள்கிறது.

கேட்டதா? ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கள்,
சீனிவாசராகவன்


(அஞ்சலட்டை)

கொல்லம்பாளையம்
6 செப்டம்பர் 2025

சம்பந்தி,

கேட்டது. மூன்று தடவையும்.

ரங்கநாதன்